டவுன்ஸ்வில் நகரில் சிறு பிள்ளைகளோடு வாழ்வது: ஜெல்லிமீன், முதலை, பாம்பு

கேள்வி (புதுக்குடி):
வணக்கம். பணிமாற்றத்தால் வரும் ஜனவரியில் மெல்பேர்னிலிருந்து குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகருக்குக் குடிபெயர்கிறோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். அவர்களைக் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்லவே கூடாது என்று உறவினர்கள் அச்சுறுத்துகிறார்கள். அங்கு வாழ்பவர்கள் நடைமுறையில் எவற்றைக் கடைப்பிடிக்கிறீர்கள்?

மறுமொழி (கெய்ர்ன்ஸ்வாசி):
தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் எந்த மாதம், எந்த நீர் என்று பார்த்துச் செல்லுங்கள். நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன் மிகுந்திருக்கும் பருவம் என்பதால், உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கடற்கரையில், வலை கட்டிய பரப்புக்குள், கை கால்களை மூடும் நீச்சலுடை அணிவித்தே பிள்ளைகளை இறக்க வேண்டும். நகமளவே இருக்கும் இருக்கான்ஜி ஜெல்லிமீன் வலைக்கண்களில் நுழைந்துவிடும். ஆகவே வலை இருக்கிறதே என்று உடையை விட்டுவிடாதீர்கள். கொட்டினால் 000 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டு, அந்த இடத்தில் வினிகரை 30 விநாடிகளாவது ஊற்றுங்கள். ஸ்ட்ராண்ட் கடற்கரையை ஒட்டி ராக்பூல் என்ற கடல்நீர்க் குளம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது மிகவும் ஏற்றது.

உவர்நீர் முதலை 1974 முதல் இம்மாநிலத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். கழிமுகங்களிலும் ஆறுகளிலும் எச்சரிக்கைப் பலகை இல்லாததையே பாதுகாப்பு என்று கொள்ளாமல், நீர்விளிம்பிலிருந்து 5 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். மீன் கழிவுகளைக் கரையில் போடாதீர்கள்.

மறுமொழி (ஊர்ப்புறச் செவிலி):
பாம்பைப் பற்றி நான் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேரே இறக்கிறார்கள். நல்ல மருந்தும் சரியான முதலுதவியும் இதற்கு முக்கியக் காரணங்கள். இங்குள்ள பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள் வழியே பரவுகிறது; தசை அசைய அசைய அது விரைவாக நகர்கிறது. எனவே கடிவாயின்மேல் அகலமான மீள்தன்மைக் கட்டுத்துணியைச் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுவதும், சுளுக்குக்குக் கட்டும் அளவு இறுக்கமாகச் சுற்றுங்கள். மட்டை வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை ஓரடிகூட நடக்கவிடாமல் ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். கடிவாயைக் கழுவாதீர்கள்; தோலில் படிந்த நஞ்சு எவ்வகைப் பாம்பு என்று மருத்துவமனையில் கண்டறிய உதவும். வீட்டிலும் வண்டியிலும் இரண்டிரண்டு கட்டுத்துணிகள் இருக்கட்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கண்ணாடி விரியன் கடித்த இடத்தில் இப்படி இறுக்கிச் சுற்றினால் அங்குள்ள தசை மேலும் சிதையக்கூடும் என்பதால், ஊருக்குப் போகும்போது இம்முறையைக் கையாளாதீர்கள். இங்கும் சிவப்புமுதுகுச் சிலந்தி கடித்தால் கட்டு வேண்டாம், பனிக்கட்டி ஒத்தடமே போதும். வலி கூடினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

புதுக்குடி:
இருவருக்கும் மிக்க நன்றி. தோட்டத்தில் பாம்பு தென்பட்டால் அடிப்பதா, விடுவதா?

ஊர்ப்புறச் செவிலி:
அடிக்கக் கூடாது, அது சட்டப்படியும் குற்றம். அடிக்கப் போய்க் கடிபடுபவர்கள் பலர். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, தொலைவிலிருந்து அதன்மேல் கண்வைத்தபடி, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். இங்கே குடிவந்தவுடனேயே அப்படிப்பட்ட ஒருவருடைய எண்ணைத் தேடிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.