கோ-மேனேஜ்மென்ட்: ‘கூட்டு மேலாண்மை’ போதுமா, ‘கூட்டாளுகை’ என்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டையோ நீர்நிலையையோ அரசும் ஊராரும் சேர்ந்து நடத்துவதை ஆங்கிலத்தில் ‘கோ-மேனேஜ்மென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் என்ற முறையில் இதுவரை வந்த மடல்களை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எங்கே இடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்க்கும் அறிக்கையில் தெற்கு சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் ஈரநிலம் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. 1970களிலேயே ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய இடம். ஏறியும் நிலைமை சீர்கெட்டுக்கொண்டே போனது. காரணம், அங்குள்ள வெள்ளப் புல்வெளிகள் தாமாக உண்டானவை அல்ல. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் புல்லறுத்தும் மாடு மேய்த்தும் அப்படி வைத்திருந்தார்கள். மாடு இறங்காத இடத்தில் நாணலும் புதரும் ஏறிவிட்டன. 1980களின் கடைசியிலிருந்து நகராட்சி, உழவர்கள், பறவை பார்ப்போர், மாவட்ட நிர்வாகம் என்று பல தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து அதை நடத்தத் தொடங்கின. 2005ல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இப்படிச் சேர்ந்து நடத்துவதைத்தான் அறிக்கை ‘கோ-மேனேஜ்மென்ட்’ என்கிறது.

சுவீடன் தூரம் என்பவர்களுக்கு ராஜஸ்தானின் பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் பறவைப் பூங்காவில் 1982ல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊராரும் போலீசும் மோதி உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமை இல்லாமல் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்ததால் பறவைகளுக்கே கெடுதல் என்று சொன்னது. எருமைக்காரரை வெளியே தள்ளிய கையோடு, பூங்காவைப் பார்த்துக்கொண்ட ஒரு ஆளையும் வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

ஆக, நாம் தேடும் சொல்லுக்குள் இரண்டு சங்கதி இருக்க வேண்டும். ஒன்று, அதிகாரம் பகிரப்படுகிறது. மற்றது, புழங்குகிறவரே பேணுகிறவர். இதை வைத்துக்கொண்டு வந்த சொற்களைப் பார்க்கிறேன்.

> ‘கூட்டு மேலாண்மை’ என்று அரசே புழங்குகிறது. புதிதாக எதற்கு அம்மா?

ஐயா, அரசு புழங்குவதுதான் எனக்குச் சிக்கல். 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு சுற்றறிக்கை விட்ட பிறகு, வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்ளும் ‘கூட்டு வன மேலாண்மை’த் திட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. நம் மாநிலத்தில் கிராம வனக்குழு வந்தது. தலைவர் ஊர்க்காரர், செயலர் வனத்துறைக்காரர். மரம் நடுவதில் ஊர் இருந்தது. எதை, எங்கே, எப்போது நடுவது என்பதில் ஊரின் குரல் எவ்வளவு எடுபட்டது என்பதை அந்தக் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு வாடை ஏறிவிட்டது என்கிறேன். தவிர, ‘மேல்’ என்று தொடங்கும் ஒரு சொல்லைச் சமமாகப் பங்கிடுவதற்கு வைப்பது எனக்கு உறுத்துகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இணை மேலாண்மை’: இணை இயக்குநர், இணைச் செயலர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘இணை’ ஒரு படி கீழே இருப்பவர். ‘உடன் மேலாண்மை’: உடனடி மேலாண்மை என்று என் வீட்டிலேயே ஒருவர் படித்தார். ‘பங்கேற்பு மேலாண்மை’: பந்தல் அவர்களுடையது, நாம் போய்க் கலந்துகொள்கிறோம்.

> உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ‘ஏரி வாரியம்’ இருக்கும்போது...

இருக்கிறது அக்கா, பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனித்த ஊர்க்குழுவுக்கு அந்தப் பெயர், பெருமைதான். ஆனால் இன்றைக்கு வாரியம் என்றதும் மின்சாரக் கட்டண அட்டைதான் நினைவுக்கு வருகிறது. சொல் கைமாறிவிட்டது, திரும்பப் பிடுங்க முடியாது.

‘குடிமராமத்து’க்குத்தான் இந்த இழையில் அதிக ஆதரவு. எனக்கும் பிடித்த சொல். ஆனால் அதில் குடிகளுக்கு உள்ள பங்கு உழைப்பு. கூடி வந்து கரையைக் கட்டு, வாய்க்காலைத் தூர்வாரு. 1858ல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வழக்கத்தைத்தான் சட்டக் கடமையாக்கியது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஏரிப் பணிகளைத் தொடங்கியதும் மராமத்து என்ற அளவில்தான். கரை உடைந்தால் யார் வர வேண்டும் என்று இந்தச் சொல்லுக்குத் தெரியும். மடையை யார் சொல்லித் திறப்பது என்று தெரியாது.

போன வாரம் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். வலை ஊசியும் நூலுமாகக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் என் மொழிபெயர்ப்பில் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். ‘கூட்டு மேலாண்மை’ வரை வந்தவர் நிறுத்தி, “இது கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கா?” என்றார். சரி, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “ஊர்க்கட்டுப்பாடு.” ஊசி நிற்கவே இல்லை.

நல்ல சொல், ஆனால் அதில் சர்க்கார் இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஓர் ஏற்பாடு உண்டே, அதைச் சொல்லிக் கேட்டேன். அது ஊர்க்கட்டுப்பாடா, அரசாங்க உத்தரவா? அவர் யோசித்துவிட்டு, “ரெண்டும்தான். சண்டை போட்டு, அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசினது” என்றார். இந்த ‘ரெண்டும்தான்’ என்பதற்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை.

பிச்சாவரத்திலும் இதே கதை. அலையாத்திக் காடு அழிந்ததற்கு மாடு மேய்ப்பவரையும் விறகு பொறுக்குபவரையும் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் போய்ப் பார்த்தபோது, பழைய கூப்பு முறையில், அதாவது காட்டைக் கூறு போட்டு முறைவைத்து வெட்டியதில், பகுதி பகுதியாக மொட்டையடித்ததுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. வெயில் பட்ட மண் தாழ்ந்து பள்ளமாகி, ஏறிய கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கி, உப்புக் கரித்துவிட்டது. மீன்முள் போல நடுவில் ஒரு வாய்க்காலும் பக்கத்துக்குச் சாய்வாகக் கிளைகளும் வெட்டி, கடல் ஓதம் வந்துபோக வழி செய்தார்கள். வனத்துறை, ஆராய்ச்சிக்காரர், ஊர் மூவரும் சேர்ந்து செய்த வேலை. அங்கே ‘பராமரிப்பு’ என்று எழுதினால் வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாருவது வரும், எங்கே வெட்டுவது என்று சேர்ந்து முடிவு செய்தது வராது.

அதனால் என் முன்மொழிவு: கூட்டாளுகை.

‘ஆள்’ என்ற வினையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அரசாள்வது மட்டும் இல்லை. கையாள்கிறோம், எடுத்தாள்கிறோம், சொல்லை ஆள்கிறோம். பழைய கிரயப் பத்திரத்தில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்’ என்று இருக்கும். அங்கே ஆள்வது என்றால் உழுவது, விளைவதைத் தின்பது, வரப்பைக் காப்பது எல்லாம்தான். அதிகாரமும் புழக்கமும் ஒரே வேரில் இருக்கின்றன. நான் தேடியது இதைத்தான். ‘கூட்டு’ என்பதையும் திட்டத்திடம் விட்டுவிட வேண்டாம். கூட்டுப்பட்டா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் முழு நிலத்தை அசைக்க முடியாது. அப்புறம், இதைச் செய்கிறவருக்குப் பெயர் தயாராகவே இருக்கிறது: கூட்டாளி.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘ஆளுகை’யை ஏற்கெனவே ‘கவர்னன்ஸ்’ என்பதற்கு வைத்திருக்கிறோம், மின்னாளுகை என்பது போல. விதி செய்யும் ‘கவர்னன்ஸ்’ வேறு, நடத்தும் ‘மேனேஜ்மென்ட்’ வேறு என்று ஆய்வாளர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் விதி செய்வதும் நடத்துவதும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கின்றன. பிரித்துக் காட்டியே ஆக வேண்டிய இடத்தில் ‘ஆட்சிமுறை’ என்று போட்டுக்கொள்ளலாம்.

எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள்.

——

யாழ்ப்பாணத்திலிருந்து மறுமொழி:

தங்கச்சிக்கு வணக்கம். எங்கட பக்கத்தையும் கொஞ்சம் கவனிக்கவேணும். இங்கே பாடநூலிலும் திணைக்களத்திலும் ‘முகாமைத்துவம்’தான். முகாமை என்றாலும் தலைமைதான், ஆகவே உமது ‘மேல்’ வழக்கில் நாங்களும் குற்றவாளிகள். எனக்கு இருக்கும் பயம் வேறு. இலங்கையில் ‘கூட்டாண்மை’ என்றால் கம்பனி, ‘கூட்டாண்மைத் திட்டம்’ என்று வங்கிகள் அச்சிடுகின்றன. ‘கூட்டாளுகை’யை அவசரத்தில் வாசிப்பவர் அதுவென்றே எடுத்துக்கொள்ளுவார்.

ஆனால் ‘கூட்டாளி’ என்ற நியாயம் பிடித்திருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில், அதாவது கடற்கழியில், இறால் வலை கட்டும் இடங்களை, கத்தோலிக்கக் கோயில் பங்குகளைச் சார்ந்த நான்கு மீனவர் சங்கங்கள் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுகிற வழக்கம் இருக்கிறது. அரசும் அதைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கத்து ஆட்களை ‘முகாமையாளர்’ என்றால் சிரிப்பார்கள். கூட்டாளி என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். என் வாக்கு அரை வாக்கு என்று எழுதிக்கொள்ளும்.

——

அண்ணா, அரை வாக்கையும் முழுசாகவே எண்ணிக்கொள்கிறேன். குழப்பம் உண்மைதான். இலங்கை வாசகருக்குப் போகும் படியில், முதல்முறை வரும் இடத்தில் ‘கூட்டாளுகை, அதாவது கூட்டு முகாமைத்துவம்’ என்று போட்டுவிடுகிறேன். ‘கூட்டு வன மேலாண்மை’ ஒரு திட்டத்தின் பெயர் என்பதால் அதைத் தொடப்போவதில்லை.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

கூட்டாளுகை: காட்டையோ நீர்நிலையையோ கடற்பரப்பையோ புழங்குவோரும், அதன்மேல் சட்ட அதிகாரம் உள்ள அமைப்பும், விதி செய்தல், கண்காணித்தல், தேவைப்படும்போது விதியை மாற்றுதல் ஆகியவற்றைப் பகிர்ந்து நடத்துவது. செய்பவர் கூட்டாளி. பட்டறிவுக்கு ஏற்ப விதியை மாற்றிக்கொண்டே போகும் வகை ‘தகவமை கூட்டாளுகை’.

கடைசிச் சொல்லில் ‘தகவமை’ பள்ளி உயிரியலில் இருந்து எடுத்தது. இதைவிட எளிதாக ஒன்று கிடைத்தால் மாற்றலாம். ஞாயிறு இரவு அச்சுக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.

‘ஈகோசிஸ்டம்’ என்பதற்கு ‘சூழல் மண்டலமா, சூழற்றொகுதியா’ என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நாளை வேறு இழை தொடங்குகிறேன், இதற்குள் கொண்டுவர வேண்டாம்.