பொருள்: 'ஆட்டிசம் கிரீச்சர்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

பட்டர்வொர்த் ஆசிரியை, செவ்வாய் காலை 7.05

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். எங்கள் சிறப்புக் கல்வி வகுப்பில் மும்மொழிச் சுவரொட்டி தயாராகிறது. படத்தை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளை உடம்பு, நான்கு கால், பெரிய கண்கள், இமைக்காத பார்வை. இணையத்தில் உலவும் அந்த உருவம்தான். ஆங்கிலத்தில் 'ஆட்டிசம் கிரீச்சர்'. 'டிபிஎச் கிரீச்சர்' என்பாரும் உண்டு ('டிபிஎச்' என்பது 'டு பி ஹானஸ்ட்' என்பதன் சுருக்கம்). மலாய்க்காரர்கள் 'மக்லுக்' என்று போட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். தமிழ்க் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அச்சகத்தார் வெள்ளி மாலை வரைதான் பொறுப்பாராம்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, செவ்வாய் காலை 9.40

அம்மா, முதலில் அது என்ன வகை என்று தீர்மானிப்போம். அது ஒரு மீம். 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 'போலச் செய்தல்' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லைச் சுருக்கி அமைத்தது. தமிழில் 'போன்மி' என்று சிலர் வழங்குகிறார்கள். எனக்கு உயிர். 'போலும்' என்பது 'போன்ம்' என்று குறுகும்போது கடைசி மகரம் தன் அரை மாத்திரையிலும் பாதியை இழக்கும். நன்னூல் இதை மகரக்குறுக்கம் என்கிறது. நகலெடுக்க நகலெடுக்கச் சிறுத்துப்போவதுதானே மீமின் குணமும்? ஆட்டிசத்தைத் தமிழில் 'மதியிறுக்கம்' என்பார்கள். எனவே 'மதியிறுக்கப் போன்மி'.

பட்டர்வொர்த் ஆசிரியை, செவ்வாய் காலை 10.15

ஐயா, பார்ப்பவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள்.

புக்கிட் மெர்தாஜாம் தாய், செவ்வாய் பிற்பகல் 1.30

'மதியிறுக்கம்' வேண்டவே வேண்டாம். என் மகனின் மதி எங்கும் இறுகிக் கிடக்கவில்லை. 'குறைபாடு' என்று முடிகிற எந்தத் தொடரும் வேண்டாம். ஆட்டிசம் என்றே இருக்கட்டும்.

'கிரீச்சர்' என்பதற்கும் கவனம் தேவை. அகராதி 'பிராணி', 'ஜந்து' என்று தரும். ஒரு திருமண வீட்டில் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தபோது உறவுக்காரர் ஒருவர் "இது என்ன ஜந்து?" என்று கேட்டார். அந்தச் சொல்லைச் சுவரொட்டியில் பார்த்தால் நானே கிழித்துவிடுவேன்.

ஆனால் அந்தப் படம் அவனுடைய தண்ணீர்ப் புட்டியில் ஒட்டியிருக்கிறது. ஓரம் உரிந்து வர வர, நகத்தால் நீவி நீவித் திரும்ப ஒட்டுகிறான்.

ஜார்ஜ் டவுன் பேராசிரியர் (ஓய்வு), செவ்வாய் இரவு 11.52

அம்மையாரின் வருத்தம் நியாயமானது. இளமைப் பெயரால் கடந்துவிடலாம். தொல்காப்பிய மரபியல் ஒன்பது பெயர் தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆனால் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. நாய், பன்றி, புலி, முயல் என்றால் குருளை. கீரி, பூனை, எலி, அணில் என்றால் குட்டி. ஆகவே இவ்வுருவம் எந்த இனம் என்று தெரியாமல் பெயரிடுவது மரபு வழு. காதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முயல் இல்லை. வால் தெரியும் படம் யாரிடமாவது இருக்கிறதா?

மட்டுறுத்துநர், புதன் காலை 6.30

வால் பற்றித் தனி இழை தொடங்கவும்.

செந்தூல் இளைஞர், புதன் பிற்பகல் 3.10

இக்குழுவில் இதுவரை வாசித்து மட்டும் வந்தேன். எனக்கு ஆட்டிசம் உண்டு. ஆகவே இதில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

எங்களைக் குறிக்க மற்றவர்கள் கொடுத்த சின்னம் புதிர்த்துண்டு. 1963இல் பிரிட்டனில் தொடங்கியது, நடுவில் அழுகிற குழந்தையின் படத்தோடு. எங்களில் பலருக்கு அது பிடிக்காது. நாங்கள் என்ன, தீர்க்கப்படாமல் கிடக்கும் கணக்கா? இந்த வெள்ளை உருவத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். அது அழவில்லை, யாரும் வந்து தீர்த்துவைக்கக் காத்திருக்கவும் இல்லை. "யிப்பீ!" என்று கத்துகிறது, அவ்வளவுதான். மகிழ்ச்சி வந்தால் என் கை தானாகப் படபடக்கும். நான் படித்த பள்ளியில் அதற்குக் கிடைத்த பதில், "கையைக் கட்டு, வாயில் விரலை வை". அதனால் எனக்கு அந்த "யிப்பீ"தான் முக்கியம். உயிரியா, குட்டியா என்பது அப்புறம்.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, புதன் பிற்பகல் 3.45

தம்பி, கண்ணைத் திறந்தீர்கள். "யிப்பீ"க்குத் தமிழ் நம் குழந்தைகள் வாயிலேயே இருக்கிறது: "ஐ!" ஐஸ்கிரீம் வண்டி மணி கேட்டால் என் பேத்தி கத்துவது அதுதான். தொல்காப்பிய உரியியல் அதை அன்றே எழுதிவைத்தது: 'ஐ வியப்பு ஆகும்'. ஆகவே 'ஐயுயிரி'! போன்மியை வருத்தத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

ஜார்ஜ் டவுன் பேராசிரியர் (ஓய்வு), புதன் இரவு 11.58

'ஐ' ஐந்தையும் குறிக்கும், தலைவனையும் குறிக்கும், கோழையையும் குறிக்கும். 'ஐயுயிரி'யைச் 'சளி உயிரி' என்று ஒருவர் வாசித்தால் யார் பொறுப்பு?

புக்கிட் மெர்தாஜாம் தாய், வியாழன் காலை 8.20

ஐபேசியின் தம்பி என்று நினைப்பார்கள். நேற்று இரவு மகனிடமே கேட்டேன். "குட்டி" என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புட்டியைத் திருப்பிப் படத்தை என் பக்கம் காட்டினான்.

பட்டர்வொர்த் ஆசிரியை, வெள்ளி காலை 7.00

'ஆட்டிசக் குட்டி'க்கு ஏழு பேர், 'ஐயுயிரி'க்கு இருவர், பேராசிரியர் நடுநிலை. தம்பி சொன்னபடி படத்தின் வாயருகே பெரிய எழுத்தில் 'ஐ!' போட்டிருக்கிறேன். கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பிரிக்பீல்ட்ஸ் ஐயா, வெள்ளி காலை 7.25

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தொலைவிலிருந்து வாசித்தால் 'ஆட்டுக்குட்டி' என்றுதான் கண்ணில் படும். வெள்ளையாக வேறு இருக்கிறது.

ஜார்ஜ் டவுன் பேராசிரியர் (ஓய்வு), வெள்ளி இரவு 11.49

ஆட்டின் இளமைப் பெயர் 'மறி'. 'ஆட்டுக்குட்டி' என்பதே வழு.

செந்தூல் இளைஞர், சனி காலை 9.02

சுவரொட்டியின் படத்தை ஆசிரியை அனுப்பினார். அச்சில் 'க்' விடுபட்டு 'ஆட்டிச குட்டி' என்று வந்திருக்கிறது. 'ஐ!' மட்டும் சரியாக இருக்கிறது. அதைக் கத்தரித்து என் கதவில் ஒட்டிவிட்டேன்.