மறு: டெனெராவுக்குத் தமிழ்ச்சொல் – ‘கலப்பினப் பனை’ பொருந்தாது

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையில் ஒரு வகை டெனெரா. அதை அகராதியில் ‘கலப்பினப் பனை’ என்று எழுதிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு இத்துறையில் வேறு வேலை இருக்கிறது. ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையையும் அமெரிக்க எண்ணெய்ப்பனையையும் இணைத்து உண்டாக்கிய மரங்களைக் கொலம்பியாவில் குருத்தழுகல் நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் என்று நடுகிறார்கள். கலப்பினம் என்ற பெயர் அவற்றுக்கே உரியது. டெனெராவோ ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனை என்ற ஒரே இனத்துக்குள், டூரா, பிசிஃபெரா என்ற இரு வகைகளுக்குப் பிறப்பது.

இங்கே எண்ணெய் கூடுவதும் குறைவதும் கொட்டையின் ஓட்டைப் பொறுத்தது. டூராவில் ஓடு தடிமன். பிசிஃபெராவில் ஓடே இல்லை. இரண்டையும் இணைத்தால் மெல்லிய ஓடுள்ள டெனெரா. ஓடு விட்ட இடத்தைச் சதை பிடித்துக்கொள்கிறது. பாமாயில் வருவது அந்தச் சதையிலிருந்துதான். டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு எண்ணெய் கூடுதல். இது ஒரே மரபணுவின் வேலை என்று பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வெயன் என்ற ஆய்வாளர்கள் 1941-இல் எழுதினார்கள். 2013-இல் மலேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த மரபணுவையே அடையாளம் கண்டார்கள்.

ஆகவே பெயரில் ஓடு தெரிய வேண்டும். டூராவுக்கு வல்லோடு, டெனெராவுக்கு மெல்லோடு, பிசிஃபெராவுக்கு ஓடிலி என்று முன்மொழிகிறேன். டூராவுக்குத் ‘தடியோடு’ என்பதும் பொருளில் சரிதான். வாக்கியத்தில் வைத்தால் ‘தடியுடன்’ என்று படிக்க நேரும். ஓடிலிக்கு முதுகெலும்பிலி வழிகாட்டுகிறது. அதை ‘மலட்டுப் பனை’ என்பது தகவே தகாது. பெரும்பாலான ஓடிலி மரங்களில் குலை முற்றாமல் அழுகிப்போவது உண்மை. ஆனால் தோட்டங்களுக்கு உற்பத்தி செய்யும் மெல்லோட்டு விதைக்கு மகரந்தம் தருவது அதுதானே!

ஓர் எச்சரிக்கை. வல்லோட்டின் தடிமன் 2 முதல் 8 மில்லிமீட்டர், மெல்லோட்டுக்கு 0.5 முதல் 4 வரை. இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பழத்தைக் குறுக்கே அரிந்து பார்த்தால் மெல்லோட்டில் மட்டும் கொட்டையைச் சுற்றிக் கருநிற நார்ப்புள்ளிகள் வளையமாக நிற்கும். அகராதி விளக்கத்தில் இந்த ‘நார்வளையம்’ கட்டாயம் இடம்பெற வேண்டும்.

உழவருக்கும் இந்தப் பெயர்கள் உதவும். மெல்லோட்டு மரங்கள் தமக்குள் இணைந்த விதையை நட்டால் பாதிதான் மெல்லோடு. கால் பங்கு வல்லோடு, கால் பங்கு ஓடிலி. நாற்றங்காலில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். மரபணுச் சோதனை இல்லாவிட்டால் காய்க்கும்வரை காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் சில ஆண்டுகள் போய்விடும். ‘கலப்பின விதை’ என்ற பெயரில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

ஓட்டைத் தீர்மானிக்கும் அந்த மரபணுவுக்கு ‘ஓட்டு மரபணு’ என்ற பெயர் வேண்டாம். வாக்கு என்ற பொருள் குறுக்கே வரும். ‘கனியோட்டு மரபணு’ எனலாம். மலேசியத் தமிழர் எண்ணெய்ப்பனையைச் செம்பனை என்கிறார்கள். தலைச்சொல்லாக அதையே வைக்கலாம் என்பது என் விருப்பம். அங்குள்ள நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.