எச்பிசியு நூலகங்களில் வேலை பார்த்தவர்கள், போய்வந்தவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஸ்கேனர்_பையன்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். எம்எஸ் படிக்கும்போது தெற்கே ஒரு சின்ன எச்பிசியுவில், அதாவது அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காக அந்தக் காலத்தில் தொடங்கிய கல்லூரி ஒன்றில், கேம்பஸ் வேலை. பேர் வேண்டாம். நூலகத்தின் ஆவணப் பிரிவில் ஸ்கேன் செய்கிற வேலை. எச்பிசியு நூலகக் கூட்டமைப்பின் டிஜிட்டல் தொகுப்பு உங்களுக்குத் தெரியும்தானே? கல்லூரிகள் தங்கள் தொடக்ககாலப் படங்கள், ஆண்டு மலர், கடிதம் எல்லாவற்றையும் அனுப்ப, அட்லாண்டாவில் வுட்ரஃப் நூலகம் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிறதே, அதுதான். அந்த மாதிரி ஒரு தொகுப்புக்குத்தான் நாங்களும் தயார் செய்துகொண்டிருந்தோம்.

ஹோம்கமிங் வந்தது, பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் விழா. ஊரே ஃபுட்பால் பார்க்கப் போக, எங்கள் மேடம் மட்டும் நூலக வாசலில் மேசை போட்டு, ஆள் அடையாளம் தெரியாத படங்களைப் பிரிண்ட் எடுத்துப் பரப்பி, ஒரு டப்பா பென்சிலோடு என்னை உட்கார வைத்தார். பழைய மாணவர்கள் வந்து பேர் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊதாத் தொப்பி போட்ட ஒரு பாட்டி வந்தார். 1950களின் கடைசியில் எடுத்த ஒரு படம். விடுதி வாசலில் இரண்டு மாணவிகள், நடுவில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். கீழே ‘மாணவிகளும் சமையல்காரரும்’ என்று யாரோ எப்போதோ எழுதியிருந்தார்கள். பாட்டிக்கு வந்ததே கோபம். “ஏப்ரன் கட்டினால் சமையல்காரியா? எங்கள் விடுதியையே நடத்தியவர் இவர்” என்றார். பேர் சொன்னார், நான் முதல் பேரும் குடும்பப் பேரும் எழுதினேன். என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, முன்னால் ‘மிஸஸ்’ என்று அவரே எழுதினார். அழுத்தின அழுத்தில் முனை உடைந்து, இன்னொரு பென்சில் எடுத்து மிச்சத்தை முடித்தார். “டவுனில் ஒரு வெள்ளைக் கடைக்காரனும் அவரை இப்படிக் கூப்பிட்டது கிடையாது. பேப்பரிலும் போட்டது கிடையாது. இந்த வளாகத்துக்குள் மட்டும்தான் அவர் மிஸஸ். அதை நீ எடுத்துவிடாதே.”

திங்கட்கிழமை மேடம் எடுத்துவிட்டார். விதிப்புத்தகத்தில் பேருக்கு முன்னால் மரியாதைச் சொல் கூடாது, எல்லாப் பதிவும் ஒரே மாதிரி இருந்தால்தான் மற்றக் கல்லூரிகளின் பதிவுகளோடு சேரும். மேடமும் அதே கல்லூரியில் படித்த கறுப்பினப் பெண்தான், அவருக்குத் தெரியாததா? கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுத்தான் அழித்தார். யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

டர்ஹாம்வாசி

தம்பி, இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பேர்ப் பகுதியில் விதிப்படி போடுங்கள். விவரணைப் பகுதியில் பாட்டி சொன்னதை அவர் சொன்னபடியே, யார் சொன்னது, எந்த ஹோம்கமிங்கில் என்ற குறிப்போடு போடுங்கள். பழைய தலைப்பையும் அழிக்கக்கூடாது, ‘முந்தைய தலைப்பு’ என்று தனியாக வையுங்கள். ‘சமையல்காரர்’ என்று எழுதியதும் ஒரு சரித்திரம்தான். பென்சிலில் எழுதிய அந்த பிரிண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையே ஸ்கேன் செய்து படத்தோடு இணையுங்கள். முடிந்தால் பாட்டியின் குரலைப் பதிவு செய்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, இரண்டையும் ஒரே எண்ணில் கட்டுங்கள். ஒப்புதல் படிவம் முக்கியம். அது இல்லாமல் பின்னால் எவ்வளவு தலைவலி என்று தனியாக ஒரு பதிவே போடலாம்.

என் அனுபவம் சின்னதுதான். வட கரோலினா சென்ட்ரலில் நூலகவியல் படித்தேன். அட்லாண்டாவில் இருந்த நூலகப் பள்ளி 2005இல் மூடிய பிறகு, எச்பிசியுக்களில் அங்கீகாரம் பெற்ற நூலகவியல் முதுகலை இங்கே மட்டும்தான். ஒரு நாள் வகுப்பில், நூல்களைப் பாடவாரியாக அடுக்குகிற டியூயி எண்களைக் கொடுத்து, ஒரு கறுப்பினக் கவிஞரின் கவிதைத் தொகுப்பு எந்த அலமாரிக்குப் போகும் என்று ஆசிரியர் கேட்டார். எல்லோரும் 811 என்றோம், அமெரிக்கக் கவிதை. “1930இல் என்றால் 325, குடியேற்றம். இல்லாவிட்டால் 326, அடிமைமுறை” என்றார். வகுப்பு கப்சிப். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் டாரதி போர்ட்டர் என்ற கறுப்பின நூலகர் சேர்ந்தபோது மற்ற நூலகங்களில் அதுதான் நடைமுறையாம். எழுதியவர் கறுப்பர் என்றால் கவிதையானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, அந்த இரண்டு எண்ணுக்குள் தள்ளிவிடுவார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், இசையை இசையில் வைத்தார். புத்தகம் வாங்கக் காசு இல்லாததால் பதிப்பகங்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதியே சேர்த்தார். 1973 வரை அங்கேதான் இருந்தார். அங்கே இன்றைக்கு இருக்கும் மூர்லேண்ட்-ஸ்பிங்கார்ன் கறுப்பின வரலாற்று ஆய்வு மையம் அவர் கட்டியது.

அதனால் விதிப்புத்தகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அது வானத்திலிருந்து விழுந்தது இல்லை.

பழையபேப்பர்

டர்ஹாம்வாசி சார், குரலைப் பதிவு செய், படிவத்தில் கையெழுத்து வாங்கு, ஒரே எண்ணில் கட்டு. சரி. யார் செய்வது? நான் பார்த்த கல்லூரியில் ஆவணக் காப்பாளர் என்று தனி ஆளே கிடையாது. காலையில் கவுண்டரில் உட்காருகிறவர்தான் மத்தியானம் அடித்தளத்துக்குப் போய் காப்பாளர் ஆவார்.

ஐடி வேலையாக அங்கே போயிருந்தேன், சர்வர் மாற்ற. அடித்தளத்தில் அலமாரிக்குப் பின்னால் கேபிள் போகவேண்டியிருந்தது. ஒரு தகர டப்பாவை நகர்த்தினேன், மூடி கழன்றது. குப்பென்று வினிகர் வாடை, படச்சுருள் கெட்டால் வருவது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே படச்சுருள், ஓரமெல்லாம் வற்றல் மாதிரி சுருண்டு. காப்பாளர் அம்மா ஓடி வந்து மூடிவிட்டு, டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளை வாசித்தார்: பட்டமளிப்பு விழா, வருடம் அழிந்துவிட்டது. “இதைப் போட்டுப் பார்க்கிற மெஷின் எங்களிடம் இருந்ததே இல்லை” என்றார். அதாவது அந்தப் படத்தை அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலே போகப்போகிறது.

மாடியில் ஏசி, அடித்தளத்தில் டேபிள் ஃபேன். இதில் மிஸஸ் போடலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. 2023இல் ஹார்வர்ட் நூலகம் இந்தக் கூட்டமைப்புக்கு டிஜிட்டல் வேலைக்காக 60 லட்சம் டாலர் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது? அடிமைமுறையால் தாங்கள் எப்படி வளர்ந்தோம் என்று 2022இல் அவர்களே அறிக்கை விட்டு, 10 கோடி டாலர் ஒதுக்கினார்களே, அதில் ஒரு துளி. கொடுத்தவரை நல்லவர் என்கிறோம், கடன் அடைப்பவரை அப்படிச் சொல்வோமா?

மான்ட்கமரி_மருமகள்

பழையபேப்பர் அண்ணா, ஏசியும் வேண்டும், மிஸஸும் வேண்டும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று சின்ன விஷயம் ஆகிவிடாது. அலபாமாவில் இதே ‘மிஸ்’ஸுக்காக ஒரு பெண் சிறைக்கே போயிருக்கிறார். மேரி ஹாமில்டன், சிவில் உரிமைப் போராளி. 1963இல் கேட்ஸ்டன் நீதிமன்றத்தில் வக்கீல் அவரை வெறுமே ‘மேரி’ என்று கூப்பிட்டார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிடாமல் பதில் சொல்லமாட்டேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பாட்டி ஏன் பென்சில் முனையை உடைத்தார் என்று இப்போது தெரிகிறதா?

எனக்குச் சொந்தமாகப் பெரிய கதை இல்லை. டஸ்கீகி என்ற எச்பிசியுவில் ஒரு நண்பர் காட்டிய பத்திரிகைத் துணுக்குக் கோப்புகள்தான். மன்ரோ வொர்க் என்பவர் அங்கே உட்கார்ந்து, நாடு முழுக்க வந்த பேப்பர்களிலிருந்து கும்பல் கொலைச் செய்திகளை வெட்டி ஒட்டி வருடா வருடம் கணக்கு வெளியிட்டார். நான் பார்த்த ஒரு துணுக்கில் செத்தவருக்குப் பேரே இல்லை. ‘ஒரு நீக்ரோ’, அவ்வளவுதான். அந்தத் துணுக்குக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பேர் கிடைத்த இடத்தில் முழுசாகப் போடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஸ்கேனர்_பையன்

நன்றி அக்கா. டர்ஹாம்வாசி சார், நான் அங்கிருந்து வந்து வருஷமாகிறது, படிவம் வாங்க எங்கே போக! விவரணையில் சேர்க்கச் சொல்லி மேடத்துக்கு மெயில் போட்டேன். சேர்த்துவிட்டார். தலைப்பு அப்படியேதான் இருக்கிறது.

கொட்டேஷன்_குமார்

நான் எதிர்த்தரப்பு ஆள். நூலக மென்பொருள் விற்கும் கம்பெனியில் இருந்தேன், கம்பெனி பேர் கேட்காதீர்கள்.

ஒரு எச்பிசியுவுக்கு ஆண்டுச் சந்தா கொட்டேஷன் எடுத்துப் போனோம். சின்னக் கல்லூரி, இளவயது இயக்குநர், எளிதில் முடிந்துவிடும் என்று என் மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்கு வேறு இடத்தில் மேசை பிடித்துவைத்திருந்தார். அந்த அம்மா தாளைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்து மாநிலக் கல்லூரி இயக்குநர் ஒருவர், அப்புறம் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். “உங்களுக்கு இவர்கள் என்ன விலை சொன்னார்கள்?” ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்லச் சொல்ல, அவர் எங்கள் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினார். ஒரே பொருள், நான்கு விலை. அவருடையதுதான் அதிகம். தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, “இதில் உங்களுக்குப் பிடித்தது எது?” என்றார். மேனேஜர் காது சிவந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பும்போது லிஃப்ட்டில் அந்த இயக்குநரிடமே கேட்டேன், எப்படி இவ்வளவு பேரை உடனே போனில் பிடித்தீர்கள் என்று. கூட்டமைப்பின் தலைமைப் பயிற்சியில் ஒன்றாக இருந்தோம் என்றார். 2002இல் எச்பிசியு நூலக இயக்குநர்கள் அட்லாண்டாவில் கூடியபோது ஆரம்பித்த அமைப்பு. மெலன் அறக்கட்டளை பணம் கொடுக்க, பயிற்சி நடந்தது. “கல்லூரித் தலைவரிடம் பட்ஜெட் கேட்பது எப்படி என்று பாடம் எடுத்தார்கள், நல்ல பாடம்தான். ஆனால் எனக்கு அங்கே கிடைத்த பெரிய சொத்து இந்த நம்பர்கள்” என்று போனைத் தட்டிக் காட்டினார்.

பழையபேப்பர், உங்கள் அடித்தளக் கல்லூரிக்கு டேபிள் ஃபேன்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கிருந்த காப்பாளர் அம்மாவின் போனில் எத்தனை பேர் நம்பர் இருந்தது என்று யாராவது கேட்டீர்களா? டெலவேர் பல்கலைக்கழகத்தோடும் வின்டர்தர் அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து கூட்டமைப்பு எச்பிசியு மாணவர்களைக் கோடையில் பெரிய நூலகங்களில் பழைய ஆவணங்களைக் கெடாமல் காக்கும் கூடங்களுக்கு அனுப்பியிருக்கிறது. இப்படி ஒரு பிள்ளை கற்றுக்கொண்டு வந்தால்கூட டப்பா மூடி திறக்கும் முன்பே என்ன வாடை என்று தெரிந்திருக்கும்.

பழையபேப்பர்

கற்றுக்கொண்ட பிள்ளை அந்தச் சம்பளத்துக்குத் திரும்பி வருமா, அதையும் சொல்லுங்கள். லேபில் பழகியவர் லேப் இருக்கும் இடத்துக்குத்தான் போவார். போனில் நம்பர் விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

யாழ்தேவி_72

உங்கள் சண்டைக்கு நடுவில் என்ரையும் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் வேலையால் வரும்வரை பொழுது போகாமல் அந்த வுட்ரஃப் நூலகத்துக்குப் போனேன். மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா, இறையியல் கல்லூரி என்று நான்குக்கும் அது ஒரே நூலகம். 2006இல் ஏலத்துக்குப் போகவிருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் கையெழுத்துத் தாள்களை ஊர்ப் பெரியவர்கள் கடன்பட்டு 3 கோடியே 20 லட்சம் டாலருக்கு மீட்டு மோர்ஹவுஸுக்குக் கொடுத்தார்களே, அது அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கத்தான் போனேன்.

மேசையில் இருந்த வயதான மனிதர் என்ர ஊரைக் கேட்டார். இலங்கை என்றேன். அவர் உடனே, “ஹோவர்ட் தர்மன் உங்கள் ஊரில்தான் மாட்டிக்கொண்டார்” என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னார். தர்மன் மோர்ஹவுஸில் படித்த கறுப்பினப் போதகர், கிங்குக்கு முந்திய தலைமுறை. 1935 ஒக்டோபரில் மனைவியோடும் இன்னொரு தம்பதியோடும் கொழும்பில் வந்து இறங்கினார். காந்தியை பார்தோலியில் சந்தித்தது அதே பயணத்தில், அடுத்த வருடம். கொழும்புச் சட்டக் கல்லூரியில் பேசி முடிந்ததும் எங்கட ஆள் ஒருவர் எழும்பி, உங்கள் முன்னோரை அடிமையாக்கிக் கொண்டுபோனவர்கள் கிறிஸ்தவர்கள்தானே, நீர் எப்படி ஒரு கிறிஸ்தவராக இங்கே வந்து நிற்கிறீர் என்று கேட்டாராம். தர்மன் அந்தக் கேள்வியைச் சாகும்வரை விடவில்லை என்றார் அவர்.

நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு குறிப்புத்தாளை என்பக்கம் தள்ளினார். “கேட்ட மனிதரின் பேர் எங்களிடம் இல்லை. உங்கள் சட்டக் கல்லூரியில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஏதாவது பதிவு இருக்குமா?” என்னை ஒரு ஆராய்ச்சியாளர் என்றே நினைத்துவிட்டார். நான் கணக்கு வாத்தியார்! தாளை வாங்கி ஈமெயிலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொழும்பில் ஒரு சட்டத்தரணி உறவுக்காரருக்கு எழுதினேன், “இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும்” என்று பதில் வந்தது. அட்லாண்டாக்காரருக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த மெயில் அப்படியே கிடக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் யாராவது பார்க்கமுடியுமா?

டர்ஹாம்வாசி

ஐயா, சட்டக் கல்லூரியை விடுங்கள். கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய தினசரிகள் இருக்கின்றன. 1935 ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஆங்கிலப் பேப்பர்களின் உள்ளூர்க் கூட்டச் செய்திகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர் கிறிஸ்தவ இயக்கம்தான் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது, ஆகவே அதன் பேரையும் வைத்துத் தேடவேண்டும். தர்மன் என்ற பேரை அன்றைய பேப்பர்கள் எப்படியெல்லாம் எழுதியிருக்குமோ, ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்லாண்டாக்காரருக்கு இன்றைக்கே இரண்டு வரி போடுங்கள், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. அவருக்கு அதுவே பதில்தான்.

அப்புறம் பழையபேப்பர், அந்த டப்பாவை மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள், வாடை தொற்றும். அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாள் கிடைக்கிறது, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சள் என்றால் ஈரம் புகாமல் பையில் கட்டி ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

பழையபேப்பர்

ஃப்ரீசரில் கேன்டீன்காரர் கோழி வைத்திருக்கிறார். போன் நம்பர் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன்.