உலக வங்கியில் 16 விழுக்காடு ஓட்டுதான், அப்புறம் எப்படி அமெரிக்கா சொல்வது நடக்கிறது?

வைகைக்கரை:
தேர்வுக்குப் படிக்கும்போது வந்த சந்தேகம். உலக வங்கியில் அமெரிக்காவின் ஓட்டு 16 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, கடனுக்கு ஒப்புதல் கொடுக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று படித்தேன். அப்படியானால் அமெரிக்கா எதிர்த்தாலும் கடன் கிடைத்துவிட வேண்டுமே? ஆனால் என் குறிப்பேட்டில் "அமெரிக்காவுக்கு வீட்டோ உண்டு" என்றுதான் எழுதியிருக்கிறேன், வகுப்பிலும் அப்படியே சொன்னார்கள். எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, வீட்டோ உண்மைதான், ஆனால் அது கடனுக்கு இல்லை. வங்கியின் அடிப்படை விதிகளைத் திருத்த 85 விழுக்காடு ஓட்டு வேண்டும், அதை மட்டும்தான் அமெரிக்கா ஒற்றை ஆளாகத் தடுக்க முடியும். முதலில் குறிப்பேட்டைத் திருத்திவிடுங்கள்.

அமெரிக்காவின் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் பணம் வரும் வழியைப் பாருங்கள். உலக வங்கியின் ஐ.பி.ஆர்.டி. என்ற பிரிவு சந்தையில் பத்திரம் விற்றுக் கடன் கொடுக்கிறது. எல்லா நாடுகளும் சேர்ந்து இத்தனை வருடங்களில் அதற்குக் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த பங்குப் பணம் 2,000 கோடி டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வெளியே நிற்கும் கடனோ 20,000 கோடி டாலருக்கு மேல். மீதி மூலதனம் எல்லாம் "நெருக்கடி வந்தால் தருகிறோம்" என்ற வாக்குறுதி. இன்றுவரை ஒரு தடவைகூட அதைக் கேட்டு வாங்கியதில்லை. ஆகவே இங்கே கூடுதல் மூலதனம் கேட்கும் நேரத்தில்தான் நிபந்தனை வரும். 2018-இல் அப்படித்தான், சம்பள உயர்வைக் கட்டுப்படுத்து, வசதியான நாடுகளுக்கு வட்டியைக் கூட்டு என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அமெரிக்கா சம்மதித்தது.

ஐ.டி.ஏ. என்ற இன்னொரு பிரிவு வேறு கதை. மிக ஏழை நாடுகளுக்கான அந்தப் பை மூன்று வருடத்துக்கு ஒரு முறை காலியாகும், கொடுக்கும் நாடுகளின் வாசலில் போய் நிற்க வேண்டும். அமெரிக்க நிதித் துறை வாக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, பணத்தை ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அங்கே ஒரு துணைக்குழுத் தலைவர் முகம் சுளித்தாலே வங்கியில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும்.

கொற்றவை:
மேலே சொன்னதற்கு நர்மதையைவிட நல்ல உதாரணம் இல்லை. 1985-இல் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 45 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வீடும் நிலமும் மூழ்கப்போகும் மக்களின் குரல் டெல்லியில் எடுபடவில்லை, 1989-இல் மேதா பட்கர் அமெரிக்கக் காங்கிரஸ் துணைக்குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார். அப்புறம் வங்கியே மோர்ஸ் என்பவர் தலைமையில் அமைத்த தனிக்குழு, 1992-இல் அதன் கடுமையான அறிக்கை. அந்த வருடம், கடன்களை முடிவு செய்யும் இயக்குநர் குழுவில் அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி எல்லாம் நிறுத்தச் சொல்லியும் பெரும்பான்மை தொடரச் சொன்னது. அதாவது ஓட்டில் அமெரிக்கா தோற்றது! மறு வருடம் மார்ச்சில் இந்தியாவே மீதிக் கடன் வேண்டாம் என்று விலகிக்கொண்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாகப் புகார் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஐ.டி.ஏ. பணம் வராது என்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பார்னி பிராங்கின் துணைக்குழு அழுத்தியது. மூன்று வருடப் பணத்துக்குப் பதில் இரண்டு வருடத்துக்குத்தான் அனுமதியும் கிடைத்தது. 1993 செப்டம்பரில் அந்தப் புகார் அமைப்பாக ஆய்வுக்குழு பிறந்தது, அதற்கு வந்த முதல் புகார் நேபாளத்தின் அருண் அணை பற்றியது, 1995-இல் வங்கி அதிலிருந்து பின்வாங்கியது. ஒரு பணக்கார நாடு பணப்பையை ஆட்டி விதி எழுதுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் அந்த மக்கள் எங்கே போய்ச் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நெய்தல்:
இயக்குநர் குழுவில் ஓட்டெடுப்பே அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒருமித்த கருத்தோடு முடித்துவிடுவார்கள். அமெரிக்காவுக்குத் தனி நாற்காலி, இந்தியா தன் நாற்காலியை வங்கதேசம், பூடான், இலங்கையோடு பகிர்ந்துகொள்கிறது. 1989-இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி, சுற்றுச்சூழல் பாதிப்பு அதிகமுள்ள திட்டம் என்றால் அதன் மதிப்பீடு 120 நாள் முன்னதாக வெளியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்கப் பிரதிநிதி ஆதரித்து ஓட்டுப் போடக் கூடாது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம்தான், ஆனாலும் வங்கி ஊழியர்கள் அந்த 120 நாளைக் கணக்கில் வைத்துத்தான் கோப்பை நகர்த்துகிறார்கள். கோப்பு மேசைக்கு வரும் முன்பே பாதி விஷயம் பேசி முடிந்துவிடும்.

வைகைக்கரை:
நன்றி, இப்போது புரிகிறது. அமெரிக்கா பணத்தைக் குறைத்துவிட்டால் இந்தப் பிடியும் தளருமா?

கணக்குப்பிள்ளை:
ஒரே நாளில் தளராது. 2024 டிசம்பரில் சியோலில் ஐ.டி.ஏ.வுக்கு 10,000 கோடி டாலர் திட்டம் அறிவித்தார்கள், அதில் கொடையாளிகள் தருவது 2,370 கோடி. பைடன் அரசு 400 கோடி தருவதாகச் சொன்னது, டிரம்ப் அரசு 2025-இல் அதை 320 கோடியாகக் குறைத்துக் கேட்டது. ஆனால் அமெரிக்காவின் ஓட்டும், அது முன்னிறுத்துபவரே உலக வங்கித் தலைவராகும் வழக்கமும் அப்படியே இருக்கின்றன. மற்ற வங்கிகளையும் பாருங்கள்: ஆசிய வளர்ச்சி வங்கியில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏறக்குறைய சமபங்கு, ஆனால் 1966 முதல் தலைவர் ஜப்பானியர்தான். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியான ஏ.ஐ.ஐ.பி.யில் முக்கிய முடிவுகளுக்கு 75 விழுக்காடு ஓட்டு வேண்டும், சீனாவிடம் 26-க்கு மேல் இருக்கிறது, அதனால் அது ஒற்றை ஆளாகத் தடுக்க முடியும். தேர்வில் அதைக் கேட்டாலும் கேட்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.