டிஸ்கோவுக்குள் ஒரு ஹிந்தோளம்: யாரும் கண்டுகொள்ளாத பழைய ஆல்பங்கள் உங்களிடம் எப்படி வந்தன?

ஈசூன்

சிங்கப்பூர் மக்களே, அவரவர் பேட்டைப் பெயரிலேயே எழுதுங்கள், ஆனால் பட்டியல் மட்டும் யாரும் போடாதீர்கள், ப்ளீஸ். 'கேட்டே தீர வேண்டிய ஐம்பது' வகையறாவைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது, அதில் பாதியைப் பட்டியல் போட்டவரே முழுசாகக் கேட்டிருக்க மாட்டார். எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் வந்து அப்போது யார் கண்ணிலும் படாமல் போன ஆல்பம் ஒன்று உங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தது, முதல் தடவை ஓடியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், அதைச் சொல்லுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னுடையது சரண்ஜித் சிங். 1982-இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. மனிதர் பம்பாயில் இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். தபலா இல்லை, தம்புரா இல்லை, ரோலண்ட் கம்பெனியின் மூன்று மின்னிசை இயந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகம் வாசித்துவிட்டார். ரெக்கார்டு விற்கவில்லை. இருபது வருடம் கழித்து ஹாலந்துக்காரர் ஒருவர் டெல்லியில் ஒரு கடையில் அதைப் பார்த்து எடுத்துப் போய், 2010-இல் மறுபடி வெளியிட்டார். என் கைக்கு வந்தது அந்த மறுபதிப்புதான், முதல் பதிப்பு வாங்குகிற வசதியெல்லாம் நமக்கு இல்லை.

ஞாயிறு காலை. அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் சில வருடம் பாட்டு கற்றுக்கொண்டவர், மேடை ஏறியதில்லை, ஆனால் காது இன்னும் அப்படியே இருக்கிறது. நான் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். உறையில் 'ராகா மால்கௌன்ஸ்' என்று போட்டிருக்கும் பாட்டு வந்ததும் கீரைக்காம்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து, "யாருப்பா இது, ஹிந்தோளத்தை இந்தப் பாடு படுத்துறது?" என்றார். அணைக்கச் சொல்லப் போகிறார் என்று எழுந்தேன். "இரு, இரு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு." இந்துஸ்தானிக்காரர்களின் மால்கௌன்ஸ்தான் நம்ம கர்நாடக சங்கீதத்து ஹிந்தோளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பூபாலி வந்தால் மோகனம் என்றார். தோடியில் மட்டும் சண்டை. உறையில் தோடி என்று இருக்கிறது, அம்மா சுபபந்துவராளி என்கிறார், நான் உறையைக் காட்டுகிறேன், உறை போட்டவனுக்கு என்ன தெரியும் என்கிறார். அப்புறம் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இந்துஸ்தானித் தோடி நம்ம சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் வருவது, நம்ம தோடியின் ஸ்வரங்களோ அவர்களுடைய பைரவியில் இருக்கின்றன.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சிங்தான் ஆசிட் ஹவுஸ் என்கிற சிகாகோ நடன இசையைக் கண்டுபிடித்தவர் என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிங் வைத்திருந்த மூன்றில் ஒன்றான டிபி-303 என்ற அந்தச் சின்ன வெள்ளிநிறப் பெட்டி 1981-இல் வந்தது, பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்காரர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்தது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை, போணியாகவில்லை, 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சிகாகோ பையன்கள் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிக் குமிழ்களைத் திருகித் திருகிச் செய்த 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987-இல். அவர்களுக்கு சிங் யார் என்றே தெரியாது, சிங்குக்கும் அவர்களைத் தெரியாது. யார் முதல் என்பதைவிட எனக்கு முக்கியம் வேறு. அந்தப் பெட்டியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக ஒரு வசதி இருக்கிறது, ஸ்லைடு என்பார்கள். நாம் ஜாரு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பியானோ மாதிரி கட்டை கட்டையாக நிற்கும் கருவியில் ராகம் வாசித்தால் அது வெறும் ஸ்கேல். இதில் வழுக்குகிறது, அதனால்தான் அம்மாவுக்கு ராகம் காதில் விழுந்தது. ஒரு எச்சரிக்கை: பத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். தாளம் மாறவே மாறாது, ஆறாவதில் எனக்குத் தலை வலித்தது.

பிடோக்

அருமை தம்பி. உங்கள் அம்மாவைத் தனியாக ஒரு பதிவு போடச் சொல்லுங்கள்.

நீங்கள் பம்பாய், சிகாகோ எல்லாம் போய்விட்டீர்கள், நான் நம்ம சிங்கப்பூர்த் தீவைத் தாண்டவில்லை. தொண்ணூறுகளில் நான் என்.எஸ்., அதாவது கட்டாய தேசிய சேவை, செய்துகொண்டிருந்தபோது பக்கத்துப் படுக்கைச் சீனப் பையன் எப்போதும் ஒரு கேசட்டையே கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் இரவு என் ஹெட்ஃபோனில் மாட்டிவிட்டான். ஹம்ப்பேக் ஓக் என்ற உள்ளூர்க் குழு, 'பெயின்-ஸ்டெய்ன்ட் மார்னிங்', 1994. எனக்கு அதுவரை ஆங்கிலப் பாட்டு என்றால் ரேடியோவில் வருவது, தமிழ்ப் பாட்டு என்றால் ராஜா, அப்போதுதான் வந்திருந்த ரஹ்மான், அவ்வளவுதான். இதில் ஒருவர் பாடுகிறார், தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, நம்மைப் போல அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்து, நம்மைப் போல பஸ்ஸுக்கு நின்றவர். இங்கே இருக்கிறவர்கள் இப்படி ஒன்று செய்வார்கள் என்றே எனக்குத் தெரியாது. கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அவன் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் உள்ளூர்க் குழுக்களைத் தேடிப் பின்னோக்கிப் போனேன். தி ஆட்ஃபெலோஸ் 1991-இல் போட்ட 'டீனேஜ் ஹெட்', அதில் வரும் 'சோ ஹேப்பி' மறு வருடம் உள்ளூர் வானொலியில் முதலிடம் பிடித்தது. அதற்கும் முன்னால் சர்கான் லவுஞ்ச், 'ரீகல் விகர்', 1983. நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் பலகை மாட்டியிருந்த ஊர் இது, அந்தப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் போட்ட ஆல்பம் அது. இதையெல்லாம் எழுதிவைத்தது 'பிக் ஓ' என்ற பத்திரிகை, 1985-இல் ஃபோட்டோ காப்பி எடுத்து ஸ்டேப்ளர் அடித்து ஆரம்பித்தது. பழைய சாமான் விற்கும் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் பழைய இதழ்கள் சிலவற்றை இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். விற்றவருக்கு அதன் கீழே இருந்த ரைஸ் குக்கர்தான் முக்கியம், அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் ஐந்து வெள்ளி என்றார். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடினார்கள், கடைசி நாளன்று போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஹம்ப்பேக் ஓக்கில் பாடிய லெஸ்லி லோதான் 2001-இல் தி அப்சர்வேட்டரி குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்களுடைய முதல் ஆல்பம் 'டைம் ஆஃப் ரீபர்த்' 2004, கேட்க மெத்தென்று இருக்கும். அதைக் கேட்டுவிட்டு நேராக 2009-இல் வந்த 'டார்க் ஃபோக்'குக்குப் போங்கள், ஒரே ஆட்கள்தானா என்று சந்தேகம் வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மனைவிக்கு அது ஓடினால் வீட்டில் விளக்கு போட வேண்டும்.

உட்லண்ட்ஸ்

பிடோக் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார், ருத்ராவை விட்டுவிட்டார். இது நியாயமா?

1992-இல் இங்கே ஆரம்பித்த குழு. டெத் மெட்டல், உறுமிப் பாடுகிற கடுமையான ராக் வகை, பாடுகிறவரே பேஸ் வாசிப்பார், வரிகளில் உபநிஷத்து. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற மெட்டல் ரசிகர்கள் இதை வேத மெட்டல் என்று தனி வகையாகவே பேசுகிறார்கள், இங்கே நம்ம ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதுதான். பாலிடெக்னிக்கில் என் கூடப் படித்த மலாய்த் தோழி, "உங்கள் ஆட்கள் வாசிக்கிறார்கள், உனக்குத் தெரியாதா?" என்று கேட்டு இழுத்துப் போனாள். சின்ன இடம், ஏசி சரியில்லை, எல்லாரும் கறுப்புச் சட்டை. மந்திரம் சொல்கிற குரல் கேட்டது, கோயிலில் கேட்டுப் பழகிய அதே ஏற்ற இறக்கம், என்னையறியாமல் செருப்பைக் கழற்றலாமா என்று கால் யோசித்தது. அடுத்த நொடி இரண்டு காலாலும் டிரம் அடிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் தோழி தலையை ஆட்டிக்கொண்டே, அது என்ன அர்த்தம் என்று காதில் கத்திக் கேட்கிறாள். நானோ பள்ளிக்கூடத் தமிழ், சமஸ்கிருதத்துக்கு எங்கே போவேன்! தெரிந்த மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஆரம்பிக்க ஒரே ஆல்பம் சொல்லுங்கள் என்றால் 2005-இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ'. கடைசியில் இருக்கிற ஆங்கில 'ஐ' ரோமன் எண் ஒன்று, அதாவது முதல் பாகம் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் நினைத்தேன். 2009-இல் வந்த அடுத்ததும் 'டிரான்சென்டென்டல் ஐ', 2011-இல் வந்த மூன்றாவதும் 'இம்மார்ட்டல் ஐ'. அது எண் இல்லை, 'நான்'. வேதாந்தத்தில் 'நான் யார்' என்கிறார்களே, அந்த நான். என் அப்பாவிடம் இதைச் சொன்னேன், அவருக்கு உறுமல் பிடிக்கவில்லை, தலைப்பு பிடித்துவிட்டது.

தெம்பனிஸ்

சுருக்கமாகச் சொல்கிறேன், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறேன். எனக்கு ஆள் யாரும் கொடுக்கவில்லை, யூடியூப் தானாகக் கொண்டுவந்து போட்டது. மிடோரி தகாடா என்ற ஜப்பானிய அம்மா, 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்', 1983. மரிம்பா, மணி, கோங், கோக் பாட்டில்கூட இருக்கிறது, எல்லாம் அவரே வாசித்து இரண்டே நாளில் பதிவு செய்தது. ஜப்பானிலேயே அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை, 2017-இல்தான் மறுபடி அச்சிட்டார்கள். வார்டில் ராத்திரி முழுக்க மெஷின்கள் பீப் பீப் என்று கத்துவதைக் கேட்டுவிட்டு, விடிகிற நேரத்து எம்.ஆர்.டி.யில் முதல் பாட்டைப் போட்டால் சிமெய் தாண்டுவதற்குள் கண் செருகிவிடும். இரண்டு தடவை என் ஸ்டேஷனைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் பாசிர் ரிஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

துவாஸ்

வணக்கம் அண்ணே, அக்கா. நான் இங்கே வேலைக்கு வந்தவன், கோயம்புத்தூர்ப் பக்கம். ரெக்கார்டெல்லாம் கிடையாது, டார்மிட்டரியில் வைக்க இடமும் கிடையாது, போன்தான்.

எங்கள் சைட் சூப்பர்வைசர் அமெரிக்க ஜாஸ் கேட்கிறவர். ஒருநாள் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது அவர் போனில் ஒரு படம், அதில் 'சத்சிதானந்தா' என்று எழுதியிருந்தது. என்ன சார் சாமிப் பாட்டா என்றேன். ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற கறுப்பினப் பெண்மணி, கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்தபிறகு மனசு உடைந்துபோய் இருந்தவர், தன்னுடைய குருவின் பெயரை வைத்து 1971-இல் போட்ட ஆல்பம் என்று சொன்னார். 'ஜர்னி இன் சத்சிதானந்தா'. அந்தக் குரு யார் என்று அன்றைக்கு ராத்திரி தேடிப் பார்த்தால், சுவாமி சச்சிதானந்தா, 1914-இல் பிறந்தது செட்டிபாளையம். அண்ணே, செட்டிபாளையம்! எங்கள் சித்தி வீட்டுக்குப் போகிற வழி. 1969-இல் உட்ஸ்டாக் என்று லட்சக்கணக்கான பேர் கூடினார்களே, அதைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவர்தானாம். இத்தனை வருடம் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒருத்தரும் சொன்னதில்லை.

அது பிரபலம்தான் என்று சார் சொன்னார், யாருக்கும் தெரியாதது இன்னொன்று இருக்கிறது என்று கொடுத்தார். 'துரியா சிங்ஸ்', 1982. கலிபோர்னியாவில் அந்த அம்மாவின் ஆசிரமத்துக்கு வந்தவர்களுக்காகப் போட்ட கேசட், கடையில் விற்றது கிடையாது. துரியம் என்று நம்ம சித்தாந்தத்தில் வருமே, நனவு, கனவு, உறக்கம் தாண்டி நாலாவது, அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். பாடுவது பஜனை, ஆனால் நம்ம ஊர் மார்கழி பஜனை மாதிரி ஜால்ரா தட்டி வேகம் பிடிக்காது. மெதுவாக, அடி ஆழத்திலிருந்து ஒரு குரல், சுற்றிலும் ஆர்கனும் சிந்தசைசரும். உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படித்தான், எனக்கு அது குறையாகவே படவில்லை. 2021-இல் குரலும் ஆர்கனும் மட்டும் வைத்து 'கீர்த்தன்' என்று ஒன்று வெளியிட்டார்கள், முதலில் அதைக் கேளுங்கள். ரூமில் பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறோம், ஒரு தடவை ஸ்பீக்கரில் போட்டேன், திட்டு விழும் என்று பார்த்தால் மேல் படுக்கை பங்களாதேஷ்காரர், "இன்னொரு தரம் போடு பாய்" என்றார்.

ஈசூன்

துவாஸ் தம்பி, செட்டிபாளையம் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆல்பத்தை எப்போது போடப் போகிறாய் என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டாயிற்று.

தனிச்செய்தியில் பூசணம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் ஈரத்துக்கு ரெக்கார்டைச் சுவர் ஓரமாக வைத்தாலே உறையில் பூத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு, மைக்ரோஃபைபர் துணி, கோடு போகிற திசையிலேயே துடையுங்கள், நடு லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 சுற்று ரெக்கார்டு என்றால் ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள், அது ஷெல்லாக், கரைந்துவிடும். எனக்குப் பட்டுத்தான் தெரியும், ஒரு நாதஸ்வர ரெக்கார்டு அப்படியே போச்சு.

ஞாயிறு நாலு மணிக்குத் தேக்காவில் சந்திக்கலாமா? நான் சரண்ஜித் சிங்கை எடுத்து வருகிறேன், பிடோக் அண்ணன் அந்தத் திருப்பிக் கொடுக்காத கேசட்டைக் கொண்டு வரட்டும். என் கேசட் பிளேயரில் பெல்ட் போய்விட்டது, யாரிடமாவது ஓடுகிற பிளேயர் இருக்கிறதா?

துவாஸ்

ஞாயிறு எனக்கு ஓவர்டைம் அண்ணே. ஆறு மணிக்கு வைத்தால் வந்துவிடுவேன். பிளேயர் சூப்பர்வைசரிடம் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன்.