சனிக்கிழமை பாட்டுல எல்லாரும் போனைப் பாத்துப் பாடறாங்க, என்னங்க பண்றது?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. சூலூர் பக்கம் எங்கூரு. ஒன்றரை வருசமா சனிக்கிழமையானா ரவைக்கு ஏழரை மணிக்கு கோயில் திண்ணையில உக்காந்து பழைய பாட்டு பாடிட்டு இருக்கறமுங்க, கும்மி, தாலாட்டு, நடவுப்பாட்டு, மாரியாத்தா பாட்டு எல்லாம். மேடையும் இல்ல காசும் இல்ல, முடிச்சா சுண்டலும் சுக்குக்காப்பியும், அவ்ளோதான். மொதல்ல பத்துப் பேரு, இப்ப இருபதுக்கு மேல வர்றாங்க, பாதிப்பேரு பனியன் கம்பெனிக்குப் போற பொண்ணுங்க. ஒருவாரம் வராதவங்களுக்கு ஆகட்டும்னு நாந்தான் பாட்டையெல்லாம் டைப் பண்ணி வாட்ஸ்அப் க்ரூப்ல பிடிஎஃப்பா போட்டு உட்டேன், அங்கதான் வெனை ஆரம்பிச்சுது. இப்ப அத்தனை பேரும் தலையக் குனிஞ்சுட்டு போனைப் பாத்து ஒப்பிக்கறாங்க. ஒரு கையில போன் இருந்தா கும்மி எப்பிடிங்க தட்டறது? எடுத்துப் பாடற ஆத்தாவுக்கு 78 வயசு, அவங்க ஒரு வரிய ரெண்டுவாட்டி பாடுனா இவங்க பிடிஎஃப்ல ஒருக்காதான இருக்குதுன்னு அடுத்த வரிக்குப் போயர்றாங்க. போன வாரம் ஆத்தா பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க, கால் வலிக்குதுன்னாங்க. காரணம் காலு இல்லன்னு எனக்குத் தெரியாதா.

அன்னூர் சலங்கை:
மொதல்ல அந்தப் பிடிஎஃப்ப டெலிட் பண்ணுங்க. நான் வள்ளிக்கும்மி, அதான் வள்ளி முருகன் கல்யாணக் கதையப் பாடி ஆடற கும்மி, பழகுனவன், மாசக்கணக்கா ராத்திரியில பழகி அப்பறந்தான் சலங்கை கட்டி அரங்கேத்தம், ஒருத்தன் கையிலயும் பேப்பர் கெடையாது. வாத்தியார் பாடுவாரு, நாங்க சுத்தி நின்னு அடவு போட்டுட்டே வாங்கிப் பாடுவோம், காலு சரியா உழுந்தா வரி தானா வரும், காலு தப்புச்சுன்னா வள்ளி தினைப்புனத்துல நிக்கறாளா கல்யாணப் பந்தல்ல நிக்கறாளான்னே தெரியாது. மேட்டுப்பாளையம் பக்கம் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்களே, வள்ளி ஒயில் கும்மிக்குத்தான், ஆம்பளைங்க ஆடிட்டு இருந்ததுல பொண்ணுங்களையும் சேத்துப் பழக்கி உட்டவரு. அவரு என்ன எழுதிப் போட்டா பழக்குனாரு? எல்லாத்தையும் எந்திரிச்சு நிக்க வைங்க, ரெண்டு கையும் தட்டோணும்னு சொல்லுங்க, போன் தானா பைக்குள்ள போயிரும்.

சோமனூர் தறி:
டெலிட்டெல்லாம் வேண்டாமுங்க. ஷிப்ட் முடிச்சு ஒம்பது மணிக்கு வர்றவன் எப்பிடிங்க பழகுவான்? எழுத்துக்குப் பதிலா ஆத்தா கொரலைப் போடுங்க. நானெல்லாம் நாலு தறி ஓடற சத்தத்துல காதுல மாட்டிக்கிட்டு எங்கப்பாரு உடுக்கையடிச்சுப் பாடுன பாட்டுதான் கேட்டுட்டு இருக்கறன், ரெண்டு மாசத்துல பாதி வந்துருச்சு. 1965ல பிரெண்டா பெக்னு ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக்கார அம்மா காங்கேயம் பக்கம் வந்து ஊர்லயே தங்கி அண்ணமார் கதையை, அதான் பொன்னர் சங்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு கதையை, ராத்திரி ராத்திரியா டேப்ல பிடிச்சு வெச்சாங்க. பொன்னர் சங்கர் கதைய எழுதி வெச்சதப் படிச்சா கதை மட்டுந்தான் தெரியும், பாட்டுக்காரன் எங்க இழுக்கறான் எங்க மூச்சு வாங்கறான்னு டேப்புலதான இருக்குது.

அவிநாசி மருமக:
ரெக்கார்ட் பண்றேன்னு ஆத்தா முன்னால போனை நீட்டுனீங்கன்னா ஒண்ணும் வராதுங்க, பட்டுட்டு சொல்றேன். எங்க அம்முச்சிய பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு பாடுங்கன்னேன், நாலு வரிக்கு மேல "மறந்து போச்சு கண்ணு"ன்னுட்டாங்க. சரின்னு போனை ஜன்னல்ல வெச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தம், அதுபாட்டுக்கு ஆரம்பிச்சுது பாருங்க, ஒரு கட்டுக் கீரை முடியற வரைக்கும் நிக்கவே இல்ல. நானெல்லாம் பாட்டு கத்துக்கிட்டது தைப்பூசத்துக்கு முன்னால நெலாச்சோத்துக்குப் போயித்தான். ஆளாளுக்கு சோறு கொண்டாந்து மாத்தி மாத்தித் தின்னுட்டு கும்மியடிப்பம், சின்னப்புள்ளைங்க கடைசியில நின்னு வாய மட்டும் அசைப்பம், மூணாம் நாளு வாய்ல பாட்டு இருக்கும். இன்னொண்ணு, ஊருக்கு ஊரு வரி மாறும், எங்கூர்ல இப்பிடி இல்லயேன்னு யாராச்சும் ஆரம்பிச்சா உடாதீங்க, எங்க செட்டு ஒடைஞ்சதே அதுலதான். எல்லாத்துக்கும் முன்னால ஆத்தா ஊட்டுக்குப் போயிட்டு வாங்க.

நொய்யல்கரை:
நேத்துப் பொழுதோட போனேனுங்க. கோவிச்சுக்கிட்டீங்களாத்தான்னு கேட்டா பதிலே இல்ல, அந்தப் போனுக்குள்ள எம்பாட்டு இருக்குதாமே, படிச்சுக் காட்டு சாமின்னாங்க. படிச்சேன். மூணாவது வரி தப்புன்னாங்க. எப்பிடிங்காத்தான்னு கேட்டா பாடிக் காட்டுனாங்க, சரியாக் காதுல உழுகலன்னு மறுக்கா கேட்டேன், வேற மாதிரி பாடுனாங்க, மூணாவது தடவை இன்னொரு மாதிரி. இதுல எதைங்காத்தா டைப் பண்றதுன்னேன். "நீ சனிக்கெழமை கையத் தட்டிப் பாடு, அப்பறம் பாக்கலாம்." அப்ப வர்றாங்கன்னு வெச்சுக்கறேன். சுண்டலுக்குப் பதிலா தட்டப்பயிறு போடச் சொல்லிருக்காங்க, கடலை பல்லுக்கு ஆகறதில்லயாமா.